முழு கிரகணத்தில் ஃபில்டரைக் கழற்ற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2027 ஆகஸ்ட் 2 அன்று வரும் முழு சூரிய கிரகணத்தைப் படமெடுக்க எகிப்தின் லக்ஸருக்குப் போக வேண்டும் என்று எங்கள் ஊர் கேமராக்காரர்கள் சிலர் இப்போதே காசு சேர்க்கிறார்கள். ஜெத்தாவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இருக்கும் இடத்திலேயே தெரியும். லக்ஸர் பக்கம் 6 நிமிடத்துக்கு மேல் சூரியன் மறைந்திருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் முப்பது வருடம் கல்யாண ஸ்டூடியோ நடத்தியவன் நான். 2019 டிசம்பர் 26 காலை, வளைய கிரகணத்தை (சூரியனின் நடுப்பகுதி மட்டும் மறைந்து, ஓரம் வளையமாகத் தெரிவது) எங்கள் மொட்டைமாடியிலிருந்து எடுத்தேன். முதலிலிருந்து கடைசிவரை, சூரிய வெளிச்சத்தைக் குறைக்கும் சோலார் ஃபில்டர் லென்ஸின் முன்னாலேயே இருந்தது. இருந்தே ஆக வேண்டும், வளையமாகத் தெரிவதும் சூரியனேதான். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப் 8, ஷட்டர் 1/1000 விநாடி என்று ஒரே அளவில் வைத்து நிம்மதியாக எடுத்தேன். அந்தப் பழக்கம்தான் என்னை அமெரிக்காவின் டாலஸில் ஏமாற்றியது.

2024 ஏப்ரல் 8 முழு கிரகணம், மகள் வீட்டுப் புல்வெளி. மதியம் 1.40 தாண்டியதும் சட்டென்று இருட்டியது. தெருவே கூச்சல் போட்டது. நான் பட்டனை அழுத்துகிறேன், திரை கறுப்பு. ஷட்டர் வேகத்தைக் குறைத்தேன், ஐஎஸ்ஓவை ஏற்றினேன், அப்போதும் கறுப்பு. "ஏங்க, ஃபில்டரைக் கழட்டலையே" என்று மனைவி சொன்ன பிறகுதான் உறைத்தது. லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் விடும் படலம் அது. முழு கிரகணத்தின்போது இருக்கும் வெளிச்சமோ மொத்தமே பௌர்ணமி நிலவளவுதான். அங்கே கிடைத்தது சுமார் 3 நிமிடம் 50 விநாடி, அதில் முக்கால் நிமிடம் போயிற்று. அவசரத்தில் திருகிக் கழற்றியதில் ஃபோகஸ் வளையமும் நகர்ந்துவிட்டது. இருபது படங்கள் மங்கல்.

அப்புறம், முழு கிரகணத்துக்கு என்று ஒரே ஒரு சரியான ஷட்டர் வேகம் கிடையாது. எல்லோரும் என்னிடம் அதைத்தான் கேட்கிறார்கள். மறைந்த சூரியனைச் சுற்றி வெண்மையாகத் தெரியும் ஒளிவட்டம்தான் கொரோனா. சூரியனின் விளிம்பை ஒட்டிய கொரோனாவுக்கும் வெளியே மெல்லிய இழையாக நீளும் கொரோனாவுக்கும் வெளிச்சத்தில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஐஎஸ்ஓ 100, எஃப் 8 வைத்தால், விளிம்பில் எழும் சிவந்த தீக்கொழுந்துகளுக்கு 1/1000, உள் கொரோனாவுக்கு 1/200, அதற்கு வெளியே 1/50, 1/12 என்று இறங்கி அரை விநாடி வரை போக வேண்டும். இந்த வரிசையைத் திரும்பத் திரும்ப எடுங்கள். சூரியனோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும் டிராக்கர் இல்லாமல் 400 எம்எம் லென்ஸில் அரை விநாடியைத் தாண்டினால் பூமி சுற்றுவதே படத்தை இழுத்துவிடும். அதற்கு மேல் வெளிச்சம் வேண்டுமானால் ஐஎஸ்ஓவை ஏற்றுவதே நல்லது. கேமரா பதிவதை அப்படியே வைக்கும் ரா ஃபைல், அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் மோடு, இரண்டும் வேண்டும்.

திருகும் ஃபில்டர் வேண்டாம். படலத்தை அட்டை வளையத்தில் ஒட்டி, தொப்பி மாதிரி கழற்றி மாட்டுவது போலச் செய்துகொள்ளுங்கள். ஃபில்டரோடு சூரிய விளிம்பில் ஃபோகஸ் செய்து, ஆட்டோ ஃபோகஸை நிறுத்தி, ஃபோகஸ் வளையத்தின் மேல் டேப் ஒட்டுங்கள். வெயிலில் ஃபோகஸ் மாறும் என்பதால் பத்து நிமிடம் முன்னால் இன்னொரு தடவை பாருங்கள். சூரியன் முழுதாக மறையும் கணத்தில் கடைசி ஒளிப்பொட்டு வைர மோதிரம் போல மின்னும், அந்த நேரத்தில் ஃபில்டரைக் கழற்றி, மறுபடி வெளிச்சம் எட்டிப்பார்த்ததும் மாட்டிவிட வேண்டும். அப்போது கண் வ்யூஃபைண்டரில் இருக்கவே கூடாது, பின்பக்கத் திரையைத்தான் பார்க்க வேண்டும்.

லக்ஸரில் இன்னொரு சிக்கல் உண்டு. சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல், 82 டிகிரியில் நிற்கும். நீள லென்ஸோடு டிரைபாட் தலை அவ்வளவு நிமிருமா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்குச் சூரியன் தன் அகலம் அளவு நகர்ந்துவிடும், ஆகவே நடுவில் ஒரு தடவை ஃப்ரேமைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். பௌர்ணமி இரவில் இதையெல்லாம் பழகலாம், நிலவும் அதே அளவுதான்.

டாலஸில் கடைசி அரை நிமிடம் கேமராவை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தேன். கறுத்த வட்டத்தின் அடிவிளிம்பில் ரோஜா நிறத்தில் ஒரு பொட்டு, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. வலப்பக்கம் கீழே வெள்ளி கிரகம். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். லக்ஸர் போகிறவர்கள் ஆறு நிமிடத்தில் இரண்டு நிமிடத்தையாவது கண்ணுக்கு ஒதுக்குங்கள்.

தங்கள் நாளிதழில் கிரகணத்துக்கு முன்பு படமெடுக்கும் குறிப்புகள் வெளியிட்டால், வளைய கிரகணத்துக்கும் முழு கிரகணத்துக்கும் தனித்தனியாக, ஃபில்டரை எப்போது கழற்றுவது, எப்போது மாட்டுவது என்பதையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கல்யாணப் புகைப்படக்காரர்,
திண்டுக்கல்.