பல்லை ராவுவதற்கு முன்னால்

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். பெரியவன் வேலையில் சேர்ந்துவிட்டான். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. பானுவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். உனக்குத் தகவல் கடைசியாகத்தான் வரும், தெரிந்ததுதானே. ஊர்க்கதை இவ்வளவு போதும். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு நிற்கவில்லை.

பல்லை அழகாக்க, மேல்வரிசையில் 10 பல்லின் முகப்பில் வெனீர் தகடு ஒட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்லிவிட்டாயாம். இரண்டு தடவை போனால் வேலை முடிந்துவிடுமாம். எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, கடைசி வரியில் என்னைக் கேட்கிறாய்: "ஜிர்கோனியா நல்லதா, வேறு செராமிக் நல்லதா, நீதானே அதைச் செய்கிறவள்?" ஏண்டி, பரீட்சை எழுதி முடித்த பிறகு சிலபஸ் கேட்கிற பழக்கம் இன்னுமா போகவில்லை? தமிழ் ஐயா இருந்திருந்தால் உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

கிண்டல் போதும். அந்த அப்பாயின்ட்மென்டைத் தள்ளிப்போடு. ரத்து செய் என்று சொல்லவில்லை, தள்ளிப்போடு. காரணம் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பல் லேபில் இருக்கும் எங்களுக்கு ஆளின் முகம் தெரியாது. வாயின் அச்சு வரும், இப்போதெல்லாம் பெரும்பாலும் ஸ்கேன் ஃபைல் வரும், கூடவே ஒரு வேலைச் சீட்டு வரும். எந்தப் பல், என்ன வேலை, என்ன ஷேட், அதாவது நிறம், என்று அதில் எழுதியிருக்கும். சமீபத்தில் ஒரு வேலை வந்தது. சின்ன வயது. ராவுவதற்கு முன்னால் எடுத்த அச்சும் கூட வந்திருந்தது. சொத்தை இல்லாத, முழுசான பற்கள். ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது, நடுவில் சின்ன இடைவெளி, குறை என்று பார்த்தால் அவ்வளவுதான். பக்கத்தில் ராவிய பிறகு எடுத்த அச்சு. அத்தனை பல்லும் சீவிய பென்சில் முனையாக நின்றன. சீட்டில் 'கிரவுன்' என்று எழுதியிருந்தது, பல்லை முழுவதும் மூடுகிற கேப்புக்கு அதுதான் பெயர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளையிடம் அதை எந்தப் பெயரில் சொன்னார்களோ என்பதுதான் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. வெனீர் என்று சொல்லிவிட்டுக் கேப் போடுவது எங்கள் தொழிலில் நடக்கிற காரியம். அந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது.

வெனீர் என்பது பல்லின் முகப்பில் மட்டும் ஒட்டுகிற மெல்லிய தகடு. 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர்தான் இருக்கும். கேப் அப்படியில்லை, பல்லைச் சுற்றி முழுவதுமாக மூடும். அதற்கு இடம் வேண்டுமென்றால் சுற்றிலும் 1 மில்லிமீட்டருக்கு மேல் ராவ வேண்டும், நுனியில் 2 மில்லிமீட்டர் வரை போகும். 2002-இல் வந்த ஓர் ஆய்வு முன்பற்களில் இதை அளந்தே பார்த்தது. வெளியே தெரிகிற பல்லில் வெனீருக்கு 3 முதல் 30 சதவீதம் போகிறது. முழுக் கேப்புக்கு 63 முதல் 72 சதவீதம். மல்லிகா, அந்த வரியை இன்னொரு தடவை படி. நல்ல பல்லில் மூன்றில் இரண்டு பங்கு.

பல்லின் மேலடுக்கான எனாமல் போனால் திரும்ப வராது. அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. எலும்பு உடைந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும், எனாமலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முன்பல்லின் முகப்பில் அது இருப்பதே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ஈறோரம் போகப்போக இன்னும் மெலிசு. அதைத் தாண்டி அடுத்த அடுக்கான டென்டினுக்குள் போனால் கூச்சம் வரும், ஒட்டுகிற பிடி குறையும். ஆழம் கூடக்கூட உள்ளே இருக்கும் நரம்புக்கு ஆபத்து. சில பற்கள் பிற்பாடு ரூட் கேனாலில் போய் நிற்கும். எந்தச் செராமிக்கும் ஆயுசுக்கும் வராது என்பதையும் சேர்த்துக்கொள். நன்றாகச் செய்தால் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும், சில சமயம் அதற்கு மேலும். பிறகு மாற்ற வேண்டும், மாற்றும்போது கொஞ்சம் பல் மறுபடியும் போகும். உனக்கு இப்போது 46. மீதிக் கணக்கை நீயே போடு, வகுப்பில் கணக்கில் நீதான் முதல்.

இவ்வளவு சொல்வதால் வெனீர் எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதே. இந்த வேலையில் நான் ஆசையாகச் செய்வதே அதுதான். நுனியில் ஒளி ஊடுருவுகிற மாதிரி ஒரு செராமிக் பொடி, பல்லின் உடம்புக்கு ஒன்று, ஈறோரம் கொஞ்சம் மஞ்சள் கலந்த ஒன்று என்று அடுக்கடுக்காக வைத்துச் சுட்டு எடுத்தால், எது பல் எது செராமிக் என்று செய்த எனக்கே தடுமாறும். இதற்குப் பின்னால் நீளமான வரலாறு இருக்கிறது. 1930-களில் ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் நடிகர்களுக்குப் படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் தகடுகளைத் தற்காலிகமாக ஒட்டி அனுப்புவார். அப்போது நிலையாக ஒட்ட வழியில்லை. 1955-இல் புவனகோர் என்பவர் எனாமலில் பாஸ்போரிக் அமிலம் தடவிச் சொரசொரப்பாக்கினால் பிசின் இறுகப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டினார். 1980-களில் செராமிக்கின் உள்பக்கத்தையும் அமிலத்தால் அரித்து ஒட்டத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இந்த வேலை நிற்பது எனாமல் மேல்தான். எனாமலை ராவித் தள்ளிவிட்டு வெனீர் ஒட்டுவது அடித்தளத்தையே எடுத்துவிடுகிற வேலை.

டெட்ராசைக்ளின் மாத்திரையால் சாம்பல் நிறம் ஏறிய பல், ஃப்ளூரைடு அதிகமாகி வரும் ஃப்ளூரோசிஸில் குழிகுழியான பல், பிறவியிலேயே குட்டியாக முளைத்த பல், இவற்றுக்கெல்லாம் வெனீர் ஒரு வரம். உன்னிடம் இதில் எதுவும் இல்லை. ஈயென்று இளித்து அனுப்பியிருக்கிறாயே, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று குறைதான் தெரிகிறது. மஞ்சள், ஒரு முன்பல்லின் உடைந்த மூலை, அப்புறம் உன் தெத்துப்பல். மூன்றும் மூன்று வேறு பிரச்சினை. ஒரே மருந்தை 10 பல்லில் தடவினால் எப்படி?

மஞ்சளை எடுத்துக்கொள். பாதி மேலே படிந்த கறையாகவே இருக்கும், ஸ்கேலிங் செய்து பாலிஷ் போட்டாலே போய்விடும். மீதி உள்ளே இருந்து வருவது. வயதாக ஆக எனாமல் மெலியும், அடியில் இருக்கும் டென்டினின் மஞ்சள் தெரியும். அதற்கு பிளீச்சிங். உன் வாயின் அளவுக்கு மெல்லிய டிரே செய்து, அதில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து இரவில் போட்டுக்கொள்வது. 1989-இல் வெளிவந்த முறை, அதிகம் ஆராயப்பட்டதும் அதுதான். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நடுவில் கூச்சம் வரும், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் தாங்கும், நிறுத்தினால் போய்விடும். பல் ராவப்படுவதில்லை. வருடங்கள் போனால் நிறம் கொஞ்சம் இறங்கும், அதே டிரேயில் சில இரவு திரும்பப் போட்டுக்கொள்ளலாம். உன் முன்பல்லில் பழைய ஃபில்லிங் இருக்கிறதே, அது மட்டும் வெளுக்காது. கரித்தூள் பற்பசை வாங்கினேன் என்று எழுதியிருந்தாய். அதை நிறுத்து. அது எனாமலைத் தேய்க்கும், உள்ளே இருக்கும் மஞ்சளை ஒன்றும் செய்யாது.

உடைந்த மூலைக்கும் பழைய ஃபில்லிங்குக்கும் பாண்டிங் போதும். காம்போசிட் என்கிற பல் நிறத்துப் பிசினை நேராகப் பல்லின் மேல் வைத்து, வடிவம் கொடுத்து, விளக்கொளியில் இறுக வைப்பார்கள். பெரும்பாலும் ராவவே வேண்டாம், ஒரே தடவையில் முடியும். செராமிக் அளவுக்கு உழைக்காது. ஐந்தாறு வருடத்தில் கறை பிடிக்கலாம், ஓரம் பெயரலாம். பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் சரி செய்துகொள்ளலாம், அதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் வரிசை முக்கியம். பிளீச்சிங் முடிந்து குறைந்தது 2 வாரம் கழித்துத்தான் பாண்டிங் செய்ய வேண்டும். அதற்கு முன் செய்தால் பல்லுக்குள் தங்கியிருக்கும் ஆக்சிஜன் பிசினைப் பிடிக்க விடாது, நிறமும் நிலைத்திருக்காது. காம்போசிட்டைப் பிறகு வெளுக்க முடியாது என்பதால் முதலில் பல்லை வெளுத்துவிட்டு அதற்கேற்ற ஷேட் எடுப்பதுதான் சரி.

தெத்துப்பல்தான் பெரிய விஷயம். வெளியே துருத்தி நிற்கிற பல்லை வெனீரால் வரிசைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் அந்தப் பல்லைத்தான் எல்லாவற்றையும் விட அதிகமாக ராவ வேண்டும். அதை நகர்த்துவது வேறு வழி. கிளிப் என்றதும் உனக்குப் பிரேமாவின் வாய் ஞாபகம் வரும், எனக்கும்தான். இப்போது அலைனர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தட்டு, ஒவ்வொன்றும் பல்லை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தள்ளும். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும், சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் மட்டும் கழற்றலாம். பல் நகரும் பக்கம் எலும்பு கரைந்து, விட்டுவந்த பக்கம் புதிதாக உருவாகும். அதனால் 46 ஒரு தடையே இல்லை. ஈறும் எலும்பும் நன்றாக இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும், அதுதான் நிபந்தனை. மாதக்கணக்கில் ஆகும். முடிந்த பிறகு இரவில் பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கிற ரிடெய்னர் போட்டே ஆக வேண்டும், விட்டால் பல் பழைய இடத்துக்கே கிளம்பிவிடும். அல்லது தெத்துப்பல்லை அப்படியே விட்டுவிடலாம். எனக்கு அது பிடிக்கும், இன்று நேற்றல்ல.

ஆனால் நீ எழுதியிருந்தாயே, "போட்டோவில் வாயைக் கையால் மூடிக்கொண்டே பாதி வயசு போய்விட்டது" என்று. அந்த வரி என்னைச் சும்மா விடவில்லை. அன்றைக்கு ஆண்டுவிழா மேடைக்குப் பின்னால் ஒருவன் உன் பல்லைப் பற்றிச் சொன்னதை நீ மறந்துவிட்டாய் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். நீ சிரிக்க வேண்டும், மல்லிகா. அதற்குச் செலவு செய்வது வீண் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. திரும்பப் பெற முடிகிற வழியில் தொடங்கு என்று மட்டும்தான் கேட்கிறேன். சுத்தம், வெளுப்பு, நகர்த்தல், பாண்டிங். இதெல்லாம் முடிந்து, கண்ணாடியில் பார்த்து, இன்னும் ஏதாவது உறுத்தினால் அந்த ஒன்றிரண்டு பல்லுக்கு வெனீர் போடலாம். நானே செய்து தருகிறேன். ராவிய பிறகு இந்த வரிசையைத் திருப்பிப் போட வழியில்லை.

வெனீர் போடுகிற டாக்டரிடம் நேராகக் கேள்: ஒவ்வொரு பல்லிலும் எத்தனை மில்லிமீட்டர் ராவுவீர்கள், அது எனாமலுக்குள் நிற்குமா, லேபுக்குப் போகும் சீட்டில் வெனீர் என்று எழுதுவீர்களா, கிரவுன் என்றா? இதற்கு எரிச்சல்படுகிற இடத்தில் வாயைத் திறக்காதே. ராவுவதற்கு முன்னால் மாக்-அப் கேள். நாங்கள் மெழுகில் வடிவம் செய்து கொடுப்போம், அதைத் தற்காலிகப் பிசினில் உன் பல் மேலேயே வைத்துக் காட்டுவார்கள். அதோடு சிரி, பேசு, 'ஃபோன்' என்று சொல்லிப் பார். நுனி நீளமாக இருந்தால் கீழுதட்டில் இடிக்கும். காகித வெள்ளை வேண்டும் என்கிறாயே, ஷேட் கார்டில் A1 முதல் D4 வரை 16 நிறம் இருக்கிறது, அதையும் தாண்டிய வெள்ளைகள் வேறு. கண்ணின் வெள்ளையை விடப் பல் வெளுத்திருந்தால் பார்க்கிறவர்களுக்கு முகம் தெரியாது, பல்தான் தெரியும். ஷேட் எடுப்பதை வேலை தொடங்குவதற்கு முன்பே பகல் வெளிச்சத்தில் செய்யச் சொல். வாய் திறந்தபடியே இருந்தால் பல் உலர்ந்து உள்ளதை விட வெளுப்பாகத் தெரியும்.

எக்ஸ்ரே நகலும் ஸ்கேன் ஃபைலும் வாங்கி அனுப்பு. கேட்டால் கொடுப்பார்கள். வந்ததும் மெழுகு வடிவம் செய்து படம் அனுப்புகிறேன்.

உன்,
தேவி

பி.கு.: விடுதியில் நீ தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தத்தில் பானு பயந்து எழுந்து உட்கார்ந்தாளே, அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல். செராமிக் ஆனாலும் பாண்டிங் ஆனாலும் அந்தக் கடியில் சில்லு பெயரும், இரவில் பல்லைக் காக்கிற நைட் கார்டு போட வேண்டியிருக்கும். உன் வீட்டுக்காரரையும் கேள், உனக்குத் தெரிந்திருக்காது.