‘முடியாது’ என்பதை எழுத்தில் கொடுங்கள்

சேலம் மாவட்டத்து வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கு வணக்கம்.

பொதுத்துறை வங்கி ஒன்றின் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்து கலந்தாய்வு தொடங்கும் மாதங்களில், கல்விக்கடனுக்கு வழி தெரியாமல் நிற்கும் குடும்பங்களுக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதும் ஆவணங்களைச் சரிபார்த்து அடுக்கிக் கொடுப்பதும் என் ஓய்வுக்கால வேலையாகிவிட்டது. சிவதாபுரம், செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளர்கள், அம்மாப்பேட்டை நெசவாளர்கள், ஏற்காட்டு எஸ்டேட் தொழிலாளர்கள் எனப் பலருடைய பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களில் கடன் கிடைக்காமல் போனவர்கள் உண்டு. அதில் எனக்கு வருத்தம் இருந்தாலும் வியப்பில்லை. எல்லா விண்ணப்பங்களும் கடனாக மாறிவிட வேண்டும் என்று வங்கியில் வேலை பார்த்த எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால், அப்படி மறுக்கப்பட்ட பிள்ளைகளில் மறுப்புக் கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருந்தவரை நான் இதுவரை பார்த்ததே இல்லை. இந்த மடல் அதைப் பற்றியது. கடனை மறுப்பதானால், அதை எழுத்தில், காரணத்தோடு, தேதியிட்டுக் கையொப்பமிட்டுக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

கல்விக்கடன், வங்கிகள் முன்னுரிமை தந்து வழங்க வேண்டிய ‘முன்னுரிமைத் துறைக் கடன்’ என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முன்னுரிமைத் துறைக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்துள்ள பொது நெறிமுறைகள், வந்த விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்றும், முடிவை விண்ணப்பதாரருக்கு எத்தனை நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிப்பது என்பதை அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு வரையறுக்க வேண்டும் என்றும், விண்ணப்பம் வந்த தேதியையும் அதை அனுமதித்த அல்லது நிராகரித்த தேதியையும் அதற்கான காரணத்தையும் பதிவேட்டில் குறித்து ஆய்வுக்கு வருபவர்களிடம் காட்ட வேண்டும் என்றும் கூறுகின்றன. வங்கிகளுக்கு வழிகாட்டியாக இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டமோ, 15 நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடிவெடுக்கச் சொல்வதோடு, அடுத்த மேல்நிலை அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் எந்த விண்ணப்பத்தையும் நிராகரிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. தன் அதிகார வரம்புக்குள் கடனை அனுமதிக்கத் தானே கையெழுத்துப் போடக்கூடிய மேலாளர்கூட, அதை மறுப்பதற்கு மேலே கேட்டாக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அப்படியிருக்க, முன்மேசையில் அமர்ந்திருக்கும் ஒருவர் கோப்பைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் “இதெல்லாம் ஆகாதும்மா” என்று சொல்லி அனுப்பிவிடுவதற்கு எந்த விதியில் இடமிருக்கிறது?

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூர்ப் பக்கத்தில் காப்பி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒருவரின் மகளுக்குக் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் பி.எஸ்சி. நர்சிங் இடம் கிடைத்தது. காப்பிப் பழம் பறித்துக் கையில் கூடுதலாகப் பணம் புழங்குவது அவர்களுக்குக் கார்த்திகை, மார்கழியில். கல்லூரிக்கும் விடுதிக்கும் பணம் கட்ட வேண்டி வந்ததோ அதற்குப் பல வாரங்கள் முன்பாக. ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி தந்த கட்டண விவரம், போனஃபைடு சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கிய வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஆதார், பான், பாஸ்புக் நகல் என அனைத்தையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் வரிசையாக வைத்துக் கொடுத்திருந்தேன். குடும்பம் கணக்கு வைத்திருந்த கிளையில், கல்லூரி இருக்கும் ஊரில் கேளுங்கள் என்றார்கள். தகப்பனார் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கோவைக்குப் போனார். அங்கே, சொந்த ஊர்க் கிளையில்தான் வாங்க வேண்டும் என்றார்கள். திரும்பி வந்து அதைச் சொன்னபோது, முதல் கிளையில் இருந்தவர் கட்டண விவரத் தாளின் மூலையில் பென்சிலால் ‘காலேஜ் பிராஞ்ச்’ என்று எழுதி, கோப்பை மூடித் திருப்பித் தந்துவிட்டார். முத்திரை, கையெழுத்து, தேதி எதுவும் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு வங்கி எழுத்தில் தந்த பதில் அந்த இரண்டு சொற்கள்தான். அழிப்பானை வைத்து ஒரு முறை தேய்த்தால் அதுவும் போய்விடும்.

விண்ணப்பதாரரின் வீடு, கிளைக்கென ஒதுக்கப்பட்ட ஊர்களான சேவைப் பகுதிக்குள் வரவில்லை என்ற காரணத்தைச் சொல்லிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-ஆம் ஆண்டு நவம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ‘சேவைப் பகுதிக்கு வெளியே உள்ளதால் நிராகரிக்கப்படுகிறது’ என்று ஒரு கிளை தன் தலைப்புத் தாளில் எழுத வேண்டியிருந்தால், எழுதுகிறவரின் பேனா பாதியிலேயே நின்றிருக்கும். வாயால் சொல்வதற்கு மட்டும் எந்தத் தடையும் இருப்பதில்லை.

இப்படி வாய்மொழியாக மட்டுமே உயிரோடிருக்கும் காரணங்கள் இன்னும் சில உள்ளன. அண்மைக் காலத்தில் அதிகம் கேட்பது, “உங்க காலேஜ் லிஸ்ட்ல இல்லை” என்பது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் முன்னிற்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேரும் மாணவர்களுக்குப் பிணையமும் ஜாமீனும் இல்லாமல் கடன் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அந்தப் பட்டியல் அந்தத் திட்டத்துக்கு மட்டுமே உரியது. பட்டியலில் இல்லாத, முறையான அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளுக்கு வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் முன்புபோலவே இருக்கிறது. என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சேர்வது பட்டியலுக்கு வெளியே உள்ள கல்லூரிகளில்தான். புதுத் திட்டத்தின் பெயரைச் சொல்லிப் பழைய திட்டத்தின் கதவைச் சாத்துவது, திட்டம் போட்டவர்கள் நினைத்துப் பார்த்திராத பயன்பாடு.

அடுத்தது பிணையம். 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்கு, சொத்துப் பிணையமோ மூன்றாம் நபர் ஜாமீனோ வாங்காத நிலையில், கடன் உத்தரவாத நிதியம் 2015 முதல் பொறுப்பேற்கிறது. கடன் வாராமல் போனால் நிலுவையில் 75 விழுக்காடு வரை வங்கிக்குக் கிடைக்கும். இருந்தும் 3 லட்சம் கேட்டுப் போன கொலுசுத் தொழிலாளியிடம் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா, மூன்றாண்டு வருமான வரிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கூலிக்குக் கொலுசு செய்து கொடுப்பவரிடம் சம்பளச் சீட்டுக்கு எங்கே போவது? மாதிரித் திட்டமோ, வழக்கமான நிலையில் மாணவரின் எதிர்கால வருமான வாய்ப்பை மட்டுமே பார்க்க வேண்டும் என்றும், தேவைப்படும் இடத்தில்தான் பெற்றோரின் நிலையைக் கணக்கில் எடுக்கலாம் என்றும் சொல்கிறது. அந்தத் ‘தேவை’ என்னவென்று நீங்கள் கருதினீர்கள் என்பதை ஒரு வரி எழுதினால், அது சரியா இல்லையா என்று மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் சிபில் மதிப்பெண் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியது. நம் பகுதியில் சிக்கல் பெரும்பாலும் தாயார் வாங்கிய மகளிர் குழுக் கடனில் இருக்கிறது. குழுவில் வேறு யாரோ தவணை கட்டாமல் போனதன் வினை, மகனின் படிப்பில் வந்து விடிகிறது. என்ன கடன், எவ்வளவு நிலுவை என்று எழுதிக் கொடுத்தால் சிலர் அதைக் கட்டி முடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். “சிபில் சரியில்லை” என்ற மூன்று நொடிப் பதிலை வைத்துக்கொண்டு எதைச் சரிசெய்வது?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். பயிர்க்கடன், நகைக்கடன், மகளிர் குழுக் கடன் எல்லாவற்றையும் ஒரே அலுவலர் பார்க்கும் கிளைகள் இருக்கின்றன. கல்விக்கடனை அனுமதித்தவருக்குப் பாராட்டு எதுவும் வருவதில்லை; அது வாராக்கடனானால் மட்டும் அவர் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தாலும் விளக்கம் கேட்டு ஓலை வரும். படிப்பு முடிந்த பிள்ளை பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்க் கைப்பேசி எண்ணை மாற்றிவிடுவதும், அனுப்பிய பதிவுத் தபால் திரும்பி வருவதும் நானும் கண்டவைதான். ஆகவே தயக்கம் உங்களுக்கு இருப்பதில் குற்றமில்லை. அந்தத் தயக்கத்தைப் பதிவில்லாமல் நிறைவேற்றிக்கொள்வதைத்தான் குறை சொல்கிறேன். வாயால் மறுக்கப்பட்ட விண்ணப்பம் நிலுவையிலும் சேராது, நிராகரிப்பிலும் சேராது. கல்விக்கடனுக்கான இணையதளத்தில் ஏற்கெனவே பதிந்திருந்தால், “நீங்களே வாபஸ் வாங்கிக்கோங்க” என்று சொல்லி அதையும் சுத்தமாக்கிவிடுகிற கிளை ஒன்றை அறிவேன். கிளையின் கணக்குப்படி அந்தப் பிள்ளை வாசல் ஏறி வரவே இல்லை.

இதன் விளைவு, முறையிடப் போகும்போதுதான் தெரிகிறது. ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் புகார் செய்ய வேண்டுமானால், முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டு, அது மறுக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது 30 நாட்கள் பதில் வராமல் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பித்ததற்கே ஒப்புகை இல்லாதவர் அந்த முறையீட்டை எதன் மேல் நிறுத்துவார்? ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்துப் பார்த்த ஒரு குடும்பத்துக்கு, அப்படியொரு விண்ணப்பம் தங்கள் கிளைக்கு வரவில்லை என்று வங்கியிடமிருந்து பதில் வந்தது. பதிவேட்டின்படி அது உண்மை. ஒரு மாதம் காத்திருக்கக் கலந்தாய்வும் இடம் கொடுப்பதில்லை. பணம் கட்டக் கிடைக்கும் அவகாசம் சில நாட்களே.

அந்தச் சில நாட்களில் வீட்டில் இருக்கும் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போகின்றன, சில நேரங்களில் கல்விக்கடன் மறுக்கப்பட்ட அதே கிளைக்கு. நகைக்கடன் அங்கே அரைமணி நேரத்தில் கிடைத்துவிடும். ஆனால் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்தின் பிள்ளை தகுதியான தொழிற்படிப்பில் சேர்ந்தால், படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் கல்விக்கடனின் வட்டியை மத்திய அரசே ஏற்கிறது; திருப்பிச் செலுத்த 15 ஆண்டு வரை அவகாசமும் உண்டு. நகைக்கடனில் இவை எதுவும் கிடையாது. வட்டிக்கு விடுபவரிடம் போன குடும்பங்களைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை.

நியாயமான மறுப்புக்கும் எழுத்து தேவை என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். நெசவுத் தொழில் செய்யும் ஒருவரின் மகனை, முகவர் ஒருவர் ஏதோ ஒரு நிறுவனத்தின் பட்டயப் படிப்பில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி முன்பணம் கேட்டிருந்தார். கடன் கேட்டுப் போன இடத்தில் அதிகாரி விவரம் அறிந்தவர். அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரமே இல்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் குடும்பத்திடம் அவர் சொன்னது, “இப்போதைக்குக் கடன் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்” என்பது மட்டுமே. ‘இந்த நிறுவனம் அங்கீகாரம் பெறாதது, எனவே கடன் வழங்க இயலாது’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் முன்பணம் அவர்கள் கையிலேயே இருந்திருக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் நிலையும் இதுவே. எந்தத் திட்டத்தில் தனக்கு இடமில்லை என்பது ஜூலையிலேயே உறுதியாகத் தெரிந்தால், அந்தக் குடும்பம் அரசுக் கலைக் கல்லூரியையோ பாலிடெக்னிக்கையோ அப்போதே யோசிக்கும். இழுத்தடித்து ஆவணி முடிந்தபின் தெரிந்தால் அந்த இடங்களும் நிரம்பியிருக்கும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. விண்ணப்பம் கைக்கு வந்த நாளிலேயே ஒப்புகைச் சீட்டு கொடுங்கள். ஆவணம் குறைந்தால் என்ன குறைகிறது என்று அந்தச் சீட்டிலேயே குறியுங்கள். இயலாது என்று தெரிந்தால் மண்டல அலுவலகத்தின் ஒப்புதலை வாங்கி, எந்த விதியின்படி என்பதைச் சொல்லி, தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள். மேலாளரோ அலுவலரோ தமிழ் அறியாதவராக இருந்தால் ஆங்கிலத்தில் இருந்தாலும் போதும், படித்துச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. ஆட்சியர் தலைமையில் காலாண்டுதோறும் கூடும் மாவட்ட ஆலோசனைக் குழுவில் கல்விக்கடன் கணக்கு வைக்கப்படும்போது, அனுமதித்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில், ஒப்புகை கொடுத்தவை எத்தனை, எழுத்தில் நிராகரித்தவை எத்தனை என்ற இரண்டு எண்களையும் கிளைவாரியாக வைக்குமாறு, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியிடம் நீங்களே கேட்கலாம். கடன் கேட்டு வந்த அத்தனை பேரையும் கணக்கில் காட்டும் மேலாளருக்கு அதனால் நன்மையே தவிரத் தீமை இல்லை.

ஒப்புகைச் சீட்டுக்கும் நிராகரிப்புக் கடிதத்துக்கும் ஒரு பக்க மாதிரிப் படிவங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து வைத்திருக்கிறேன். அடுத்த சேர்க்கைக் காலம் தொடங்கும் முன் எந்தக் கிளை கேட்டாலும், மலைமேல் இருந்தாலும், நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்,
சேலம்.