தரையைப் பார்த்துப் பறக்கும் கானமயில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் வட்டாரத்து மின்பாதைகளில் பறவைகளை எச்சரிக்கும் வில்லைகள் பொருத்தப்படுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். வில்லைகள் தொங்கிவிட்டால், அழிவின் விளிம்பில் உள்ள பெரிய புல்வெளிப் பறவையான கானமயில்கள் (Great Indian Bustard) கம்பியைக் கண்டு விலகிவிடும் என்ற தொனி அதில் இருந்தது. உயரழுத்த மின்பாதைப் பராமரிப்பில் முப்பதாண்டுகள் கழித்தவன் என்ற முறையில் என்னால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை.

நான் பணியில் சேர்ந்த புதிதில், வயல்களுக்கு மேலே செல்லும் 110 கிலோவோல்ட் மின்பாதையின் அடியில் நத்தைகுத்தி நாரை ஒன்று செத்துக் கிடந்தது. மின்சாரம் தாக்கி இறந்ததாக ஏட்டில் எழுதப் போனபோது, உடன் வந்த மூத்த ஊழியர் அதன் சிறகை விரித்துக் காட்டினார். இறகில் கருகலே இல்லை. சிறகெலும்பு முறிந்து தொங்கியது. "கரண்ட் அடிக்கலை சார், எர்த் கம்பியில மோதியிருக்கு" என்றார். கோபுர உச்சியில், மின்னலைத் தாங்குவதற்காகக் கட்டப்படும் மெல்லிய கம்பி அது. கீழே உள்ள தடித்த கம்பிகளைக் கடைசி நொடியில் கண்டு மேலெழும் பறவை இதில் சிக்கிக்கொள்கிறது. ஆனால் பட்டப்பகலில் அத்தனை பெரிய கோபுர வரிசை முன்கூட்டியே ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கு எங்கள் இருவரிடமும் விடையில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், 2010இல் கிரஹாம் மார்ட்டினும் ஜெசிகா ஷாவும் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் எனக்கு அது விளங்கியது. ஆப்பிரிக்காவின் கோரி கானமயில், நீலக்கொக்கு, செங்கால் நாரை ஆகிய மூன்றையும் அசையாமல் பிடித்து வைத்து, கண் மருத்துவர்கள் விழியை நோக்கும் கருவியைக் கொண்டு, ஒவ்வொரு கண்ணும் எந்தத் திசைவரை பார்க்கிறது என்று அவர்கள் அளந்தார்கள். இப்பறவைகளுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் இருபுறமும் பரந்து தெரியும். இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் முன்பகுதியோ குறுகியது, அலகு நுனிக்கு உதவும் அளவே. உச்சந்தலைக்கு மேலே எதுவும் தெரியாது. ஆகவே பறக்கும்போது கோரி கானமயில் தலையை 25 பாகை கீழே சாய்த்தாலே, தான் போகும் திசை அதற்குக் குருடாகிவிடுகிறது. நீலக்கொக்குக்கு 35 பாகை, செங்கால் நாரைக்கு 55 பாகை. இரையையோ இனத்தையோ இறங்குமிடத்தையோ தேடித் தரையை நோக்கியபடி பறப்பது இவற்றின் இயல்பு. எதிரே தடை ஏதும் இல்லாத வானம் மனிதன் வரும்வரை அவற்றுக்கு உறுதியாக இருந்தது.

கோரி கானமயில் நம் கானமயிலுக்கு மிக நெருங்கிய உறவு. ஒரு காலத்தில் தமிழகம் வரை பரவியிருந்த நம் பறவை இன்று இயற்கை வாழிடத்தில் 150க்கும் குறைவு. பெரும்பாலானவை தார் பாலைவனத்தில். சேவல் 15 கிலோ வரை எடை கொண்டது, சட்டென்று திரும்ப இயலாது. பெட்டை பொதுவாக ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். மின்கம்பிகளில் மோதி ஆண்டுக்குச் சுமார் 18 பறவைகள் இறப்பதாக இந்தியக் காட்டுயிர் நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இந்த இழப்பை, கானமயில்களைக் காப்பிடத்தில் வளர்த்துப் பெருக்கும் எந்த இனப்பெருக்க மையத்தாலும் ஈடுகட்ட முடியுமா என்பது எனக்கு ஐயமே.

வில்லைகள் வீண் என்று நான் சொல்லவில்லை. முன்னோக்கிப் பார்க்கும் பறவைக்கு அவை உதவும். குனிந்து பறக்கும் பறவைக்கு, கம்பியில் எதைத் தொங்கவிட்டாலும் ஒன்றுதான். அதனால்தான் மின்பாதையின் அருகே தரையிலேயே பறவையின் கவனத்தை ஈர்க்கும் ஏற்பாடுகளைச் செய்து, அதன் வழியை மாற்றலாம் என்று மார்ட்டின் யோசனை கூறினார். நம் பாலைவனத்தில் அதைச் சோதித்துப் பார்க்கப் பெரும் பணம் தேவையில்லை.

கானமயில் வாழிடங்களில் மின்கம்பிகளை மண்ணுக்குள் புதைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஆணையிட்டதும், இக்கம்பிகள் கொண்டுசெல்லும் சூரிய மின்சாரத்தின் தேவையையும் எடைபோட்டு 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் ஒப்படைத்ததும் அறிந்ததே. 400 கிலோவோல்ட் பாதையை நெடுந்தொலைவு புதைவடமாகக் கொண்டுசெல்வது தொழில்நுட்பரீதியாகக் கடினம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 33 கிலோவோல்ட்டுக்கும் அதற்குக் கீழும் உள்ள பாதைகளுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. நகரங்களில் அவற்றை அன்றாடம் புதைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். முட்டையிடும் புல்வெளிகளைச் சுற்றி அவை முதலில் மண்ணுக்குள் போகட்டும். புதைக்க இயலாத பெரிய பாதைகளில், எர்த் கம்பியிலும் தவறாமல் வில்லை இருக்கட்டும்.

எத்தனை வில்லைகள் பொருத்தப்பட்டன என்ற எண்ணிக்கையோடு, அந்தப் பாதைகளின் அடியில் மாதந்தோறும் நடந்து தேடியதில் எத்தனை பறவைகள் இறந்து கிடந்தன என்ற எண்ணிக்கையையும் அதிகாரிகளிடம் கேட்டுத் தங்கள் செய்தியாளர்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பாதைப் பொறியாளர்,
திருநெல்வேலி