டிரைபாட் வாங்கும்போது கிலோவைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் புதிதாகப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்காகக் கேமரா சாமான்கள் பற்றி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். கேமரா, லென்ஸ் பற்றி எழுதியதெல்லாம் சரி. டிரைபாட், அதாவது கேமராவை நிறுத்தி வைக்கிற மூன்று கால் தாங்கி பற்றி எழுதிய அந்த நாலு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். எவ்வளவு உயரம் போகும், எத்தனை கிலோ தாங்கும் என்ற இரண்டே கணக்கை வைத்து மாடல்களை வரிசைப்படுத்தி, அதில் ஆக உயரமானதும் ஆக இலேசானதுமான ஒன்றைப் 'பட்ஜெட்டுக்கு ஏற்றது' என்று முடித்துவிட்டீர்கள். அதை நம்பி இங்கே எத்தனை பிள்ளைகள் வீட்டில் கேட்டுக் காசு வாங்கி அதையே வாங்கப் போகிறார்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அப்படிப்பட்ட டிரைபாடைத் தூக்கிக்கொண்டு எங்களோடு மலைக்கு வருகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

நாங்கள் சில பேர் சேர்ந்து மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குன்றுகளில் கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் படம் எடுத்து வருகிறோம். ஆனைமலை, கீழக்குயில்குடி சமணர் மலை, அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு, கொங்கர்புளியங்குளம் என்று போய்க்கொண்டே இருக்கலாம். மாங்குளத்துத் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைச் சொல்கிறவை, 1882-இல் ராபர்ட் சிவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டுபிடித்தவை. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் வெயிலும் மழையும் பட்டு வரி மழுங்கிக் கிடக்கும் எழுத்து அது. பாறைக்கு நேர் எதிரே நின்று ஃபிளாஷ் அடித்தால் பாறை மட்டும்தான் தெரியும், எழுத்து தெரியாது. சாய்வாக, பாறையை உரசிப் போகிற மாதிரி ஒரு பக்கமிருந்து டார்ச் வெளிச்சம் விட்டால்தான் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அதையும் ஒரு பக்கமிருந்து மட்டும் எடுத்தால் போதாது, ஏனென்றால் வெளிச்சத்தின் போக்கிலேயே ஓடுகிற கோட்டில் நிழல் விழாது. அதனால் இடம், வலம், மேல், கீழ் என்று டார்ச்சை மாற்றி மாற்றிப் பல படம் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கிறோம். ஒவ்வொரு படத்துக்கும் பத்து விநாடி ஷட்டர் திறந்தே கிடக்கும். இந்தப் படங்களுக்கு நடுவில் கேமரா நூலளவு நகர்ந்தாலும் எழுத்து எழுத்தோடு பொருந்தாது, அன்றைய வேலை முழுக்க வீண். (இதோடு ஒன்று சொல்லிவிடுகிறேன். தெளிவாகத் தெரியட்டும் என்று எழுத்தின் மேல் சாக்பீஸ் பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். ஒரு நல்ல டிரைபாடும் ஒரு டார்ச்சும் இருந்தால் எழுத்தைத் தொடவே வேண்டாம்.)

சரி, அந்தக் கிலோ கணக்குக்கு வருகிறேன். '5 கிலோ தாங்கும்', '8 கிலோ தாங்கும்' என்று பெட்டியில் போட்டிருப்பதை எப்படி அளக்க வேண்டும் என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. அவ்வளவு எடையை வைத்தால் உடைந்து விழாது என்று ஒருவர் போடுவார், ஹெட் (காலின் மேலே கேமராவை மாட்டித் திருப்புகிற பகுதி) சறுக்காது என்று இன்னொருவர் போடுவார். அசையாமல் நிற்குமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை. தொடக்கக்காரர்கள் வைத்திருக்கும் டி.எஸ்.எல்.ஆர்., அதோடு வரும் 55-250 மி.மீ. மாதிரியான ஜூம் லென்ஸ், இரண்டையும் சேர்த்தாலே ஏறக்குறைய ஒரு கிலோதான். அதைத் தாங்காத டிரைபாட் கிடையாது. தாங்கிக்கொண்டே ஆடுகிற டிரைபாட்தான் ஏராளம். 250-இல் ஜூம் செய்து பார்க்கும்போது 50-இல் தெரிவதைப்போல ஐந்து மடங்கு ஆட்டம் படத்தில் தெரியும். காற்று கொஞ்சம் அடித்தால் போதும்.

ஆடாமல் நிறுத்துவது காலின் பருமன். குழாயின் சுவர்த் தடிமன் ஒன்றேதான் என்று வைத்துக்கொண்டால், 28 மி.மீ. விட்டமுள்ள குழாய் 20 மி.மீ. குழாயைவிட ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு வளையாமல் நிற்கும். விட்டத்தின் மும்மடியில் போகிற கணக்கு அது. அதனால் மேல் குழாயைப் பார்த்துவிட்டு ஏமாறக் கூடாது, எல்லாவற்றையும் இழுத்து நீட்டி ஆகக் கீழே வருகிற குழாயைப் பார்க்க வேண்டும். கீழ்க் குழாய் நம் சுண்டுவிரல் பருமன்கூட இல்லையென்றால் அந்த டிரைபாட் போனுக்குத்தான் ஆகும். நாலு, ஐந்து அடுக்குக் கால் பையில் அடங்கும், பஸ்ஸில் கொண்டுபோக வசதிதான், ஆனால் ஒவ்வொரு அடுக்கு கூடும்போதும் கடைசிக் குழாய் மெலிகிறது, இணைப்பு ஒன்று கூடுகிறது, ஆட்டமும் கூடுகிறது. கையில் காசு குறைவென்றால் மூன்று அடுக்கு அலுமினியக் காலே போதும். கார்பன் ஃபைபர் இலேசு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும், உண்மைதான். ஆனால் அந்த விலைக்கு வேறு இரண்டு சாமான் வாங்கலாம். அலுமினியத்துக்கு நம் ஊரில் ஒரே தொந்தரவு சித்திரை வெயிலில் பாறைமேல் வைத்தால் கை வைக்க முடியாதபடி சுடும், அதற்கு சைக்கிள் ஹேண்டில்பாருக்குச் சுற்றுகிற டேப்பை மேல் குழாயில் சுற்றிக்கொண்டால் தீர்ந்தது.

இன்னொன்று, மூன்று காலையும் நடுவில் பட்டை போட்டு இணைத்திருப்பார்களே, குடை விரிகிற மாதிரி, அந்த வகை கல்யாண மண்டபத்துத் தரைக்குச் சரி. சமணர் மலையில் செட்டிப்பொடவு குகைக்கு முன்னால் இருக்கிற மாதிரியான பாறையில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் ஒரு முழம் கீழேயும் நிற்க வேண்டியிருக்கும், அங்கே பட்டை விடாது. ஒவ்வொரு காலையும் தனித்தனிக் கோணத்தில் விரித்துப் பூட்டக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

உயரம் பற்றி நீங்கள் போட்டிருந்த எண்தான் எனக்கு அதிகம் உறுத்தியது. அது மூன்று காலுக்கும் நடுவில் ஏற்றி இறக்குகிற நடுத்தண்டை முழுக்க மேலே ஏற்றி வைத்து அளந்த உயரம். நடுத்தண்டை ஏற்றினால் மூன்று காலில் நின்றது ஒற்றைக் காலில் நிற்கிறது. தண்டு இரண்டு மடங்கு வெளியே வந்தால் அதே தள்ளலுக்கு எட்டு மடங்கு வளையும். எங்கள் கூட்டத்தில் யாரையும் நடுத்தண்டைத் தொட விடுவதில்லை. தண்டை ஏற்றாமல் கேமரா நம் நெஞ்சு உயரத்துக்காவது வருகிறதா என்று மட்டும் பாருங்கள், போதும். கொஞ்சம் குனிந்து எடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம் ஹெட். மலிவான டிரைபாட் பலவற்றில் ஹெட் காலோடு ஒட்டியே வரும், கழற்ற முடியாது. அதை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். காலின் மேலே 3/8 அங்குலத் திருகு இருந்து ஹெட் தனியாகக் கழன்று வந்தால், இன்றைக்குச் சுமாரான ஹெட்டோடு வாங்கினாலும் இரண்டு வருஷம் கழித்துக் காசு சேர்ந்ததும் ஹெட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நல்ல கால் வருஷக்கணக்கில் உழைக்கும். உருண்டைமேல் எல்லாப் பக்கமும் சுழலும் பால் ஹெட்டா, ஒவ்வொரு திசைக்கும் தனியாகத் திருப்பும் பிடி வைத்த பேன் ஹெட்டா என்று கேட்பார்கள். குறைந்த விலையில் பேன் ஹெட்தான் நம்பகமாகக் கிடைக்கும் என்பது என் கருத்து, ஏனென்றால் மலிவான பால் ஹெட்டை இறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் லென்ஸ் மெல்லத் தலையைத் தொங்கப் போடும், கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் எங்கள் வேலைக்கு அதுவே கேடு. கல்வெட்டுக்குப் பேன் ஹெட்டில் ஒரு திசையை மட்டும் நகர்த்தி மற்றதை அப்படியே விட முடிகிறது. பால் ஹெட்தான் வேண்டுமென்றால் உருண்டை பெரிதாக, 36 மி.மீ.யாவது இருக்கட்டும், சுற்றுவதற்குத் தனிப் பூட்டும் இருக்கட்டும். கேமராவின் அடியில் திருகி ஹெட்டில் மாட்டுகிற பிளேட், பல கம்பெனிகளும் செய்கிற ஆர்க்கா-ஸ்விஸ் வகையாக இருந்தால் நல்லது, தொலைந்தால் வேறு கம்பெனியின் அதே வகைப் பிளேட்டை வாங்கி மாட்டலாம். அந்தந்தக் கம்பெனிக்கே உரிய பிளேட் தொலைந்தால் டிரைபாடே சும்மா கிடக்கும், அப்படிப் பல வீட்டில் கிடக்கிறது.

இப்போது காசு. மூவாயிரத்துக்குள் புதிதாக வாங்கினால் நான் மேலே சொன்னதில் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். அப்படி விடுவதென்றால் உயரத்தை விடுங்கள், இலேசை விடுங்கள், காலின் பருமனை விடாதீர்கள். ஆனால் மதுரைக்காரர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மாசி வீதிப் பக்கமும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியிலும் இருக்கிற பழைய ஸ்டூடியோக்களின் பரணில் கனமான டிரைபாட்கள் தூசி படிந்து கிடக்கின்றன. கல்யாண வீடியோக்காரர்கள் கையில் பிடித்தே ஆடாமல் எடுக்க உதவும் கிம்பலுக்கு மாறியதும் அவற்றைத் தொடுவதில்லை. போய்ப் பேசினால், புது டிரைபாடின் பாதி விலைக்கு, பல சமயம் அதற்கும் கீழே, தருகிறார்கள். மேன்ஃப்ரோட்டோ கம்பெனியின் 055, 190 வரிசைக் கால்கள் அப்படிக் கண்ணில் பட்டால் விடாதீர்கள், பழசானாலும் உழைக்கும்.

பழையதை வாங்கும்போது கவனிக்க வேண்டியது உண்டு. ஒவ்வொரு காலையும் நீட்டிப் பூட்டிவிட்டு, மேலிருந்து உடம்பு எடையைக் கொஞ்சம் கொடுத்து அழுத்துங்கள், பூட்டு சறுக்குகிறதா என்று தெரியும். க்ளிப் பூட்டு சறுக்கினால் பெரும்பாலும் ஆலன் கீ (அறுகோணச் சாவி) வைத்துத் திருகினாலே சரியாகிவிடும், அதற்காகப் பயந்து விட்டுவிட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். கால்கள் சேர்கிற இடத்து வார்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் மட்டும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். வீடியோ டிரைபாட் சிலவற்றில் மேலே 75 அல்லது 100 மி.மீ. கிண்ணம் இருக்கும், அதில் சாதாரண ஹெட் நேரடியாக உட்காராது, அடாப்டர் வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடியோ ஹெட் பக்கவாட்டில் சாயாது, ஆகவே கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் படம் எடுக்க வராது. ஆனால் அரிட்டாபட்டியில் ராஜாளியைப் பார்க்கப் போகிற பறவைக்காரர்களுக்கு அந்த ஹெட் வழவழவென்று திரும்பும், அவர்களுக்கு அது நல்லதுதான்.

புதிதோ பழையதோ, கடையில் நின்றே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. உங்கள் கேமராவை மாட்டி, ஜூமை முழுக்க இழுத்து, எதிரே தூரத்தில் இருக்கும் ஒரு போர்டைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே ஒரு காலை விரலால் தட்டுங்கள். ஆட்டம் ஒரு விநாடியில் அடங்கினால் வாங்கலாம். இரண்டு, மூன்று விநாடி ஆடிக்கொண்டே இருந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். அப்படியே ஹெட்டைக் கையால் பிடித்து இடம் வலமாகத் திருகிப் பாருங்கள், கால் முறுக்கிக்கொள்கிறதா என்று அதில் தெரியும். இதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது, நல்ல கடைக்காரர் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

வாங்கிய பிறகும் சில பழக்கங்கள் வேண்டும். முதலில் பருத்த குழாயை நீட்டுங்கள், மெல்லிய குழாயைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், ஆடிக் காற்றில் அது படபடத்தே கேமராவை ஆட்டும். பட்டனை விரலால் அமுக்காமல் இரண்டு விநாடி டைமரில் விடுங்கள். லென்ஸில் அதிர்வு தடுக்கும் வசதி இருந்தால், முக்கியமாகப் பழைய லென்ஸாக இருந்தால், அணைத்துவிடுங்கள். நடுவில் இருக்கும் கொக்கியில் பையை மாட்டுகிறவர்கள் பையின் அடி தரையைத் தொடும்படி விடுங்கள், தொங்கி ஆடினால் மாட்டாமலிருப்பதே மேல். வைகை மணலில் வைத்துவிட்டு வந்தால் அன்றைக்கே பூட்டுகளைக் கழற்றித் துடைத்துவிடுங்கள்.

எங்கே வைக்கக் கூடாது என்பதையும் உங்கள் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் டிரைபாடை விரிப்பது ஆபத்து, யாராவது தடுக்கி விழுவார்கள், அங்கே ஒற்றைக்கால் மோனோபாட் போதும். தைப்பூசத்தன்று தெப்பக்குளத்து விளக்குகளை எடுக்கிறவர்களும் கரைச் சுவர் ஓரமாக, வழி விட்டு வையுங்கள். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச்சின்னங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். வாங்கிக்கொண்டு போனால் காவலரிடம் வாதாட வேண்டியதில்லை, நமக்கும் நிம்மதியாக வேலை நடக்கும்.

கடைசியாக உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த தடவை டிரைபாட் பட்டியல் போடும்போது, நடுத்தண்டை ஏற்றாத உயரம், ஆகக் கீழ்க் குழாயின் விட்டம், ஹெட் கழலுமா கழலாதா, பிளேட் எந்த வகை என்ற நாலு விவரத்தையும் சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் கோடை விடுமுறை தொடங்குவதற்கு முன்பே போடுங்கள், பிள்ளைகள் வாங்குகிற நேரம் அது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
ஒத்தக்கடை, மதுரை.