மீட்டரில் கை வைக்கும் முன் கேபிளைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

ஸ்பீடோமீட்டர் முள் நகரவில்லை என்ற வாசகர் கேள்விக்கு, மீட்டரையே மாற்றச் சொல்லி வாகனப் பகுதியில் பதில் வந்திருந்தது. இந்த அமைப்பில் பொதுவாக விலை கூடிய பாகம் அதுதான். பழுது பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும்.

முதலில் கிலோமீட்டர் எண்களைக் கவனியுங்கள். சக்கரத்தின் சுழற்சியைக் கேபிள் மீட்டருக்குக் கொண்டுபோகும் வண்டியில் எண்களைப் பல்சக்கரம் நேரடியாகச் சுற்றுகிறது. முள்ளை நகர்த்துவது சுழலும் காந்தம். எண் ஓடி முள் மட்டும் நின்றால் கோளாறு மீட்டருக்குள். இரண்டும் நின்றால், மீட்டர் முனையில் கேபிளைக் கழற்றிவிட்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள். உள்கம்பி சுற்றினால் கீழே எல்லாம் சரி. சுற்றவில்லையென்றால் கம்பியை உருவி, அறுந்ததா, சதுர முனை தேய்ந்து உருண்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். புதுக் கேபிளும் சீக்கிரமே அறுந்தால் குற்றம் கேபிள்மேல் இல்லை: எங்கோ கூர்மையாக மடிந்திருக்கிறது, அல்லது மீட்டரின் சுழல்தண்டு இறுகிக் கிடக்கிறது. கிரீஸ் கொஞ்சமாகத் தடவினால் போதும். மேல்முனையில் சில சென்டிமீட்டரைக் காய்ந்தபடியே விடுங்கள், இல்லாவிட்டால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறிவிடும்.

கேபிள் நன்றாக இருந்தால் அடுத்தது பினியன், அதாவது கேபிளைச் சுற்றிவிடும் சிறு பல்சக்கரம். கார்களில் கியர்பாக்ஸின் வால்பகுதியிலோ சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் அருகிலோ இருக்கும். பிளாஸ்டிக் பல் மழுங்கியிருந்தால் பினியனோடு எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் மாற்றுங்கள். புதுப் பினியனை நிறம் பார்த்து வாங்காமல் பல்லை எண்ணி வாங்குங்கள். பல் கூடினால் மீட்டர் குறைத்துக் காட்டும்.

கேபிள் உள்ள பல பைக்குகளில் கேபிளைச் சுற்றும் பல்சக்கரம் முன்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில், வார்ம் பெட்டிக்குள் இருக்கும். பஞ்சர் ஒட்டிய பிறகு மீட்டர் நின்றதென்றால் முதல் சந்தேகம் இங்கேதான். ஹப்பின் காதுகள் மீட்டர் வார்ம் வளையத்தின் வெட்டுகளில் உட்காராமலே ஆக்சில் நட்டை இறுக்கினால் வளையம் நசுங்கிவிடும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே வார்ம் பெட்டியை அழுத்தினால் 'டக்'கென்று உள்ளே இறங்கும். அதன்பிறகே நட்டு.

கேபிளுக்குப் பதில் மின் சென்சார் உள்ள வண்டிகளில் கனெக்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: பச்சை பூத்த கனெக்டர் ஊசி, உரசிய வயர். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கும் சேர்ந்து எரிந்தால் கியர்பாக்ஸை விட்டுவிட்டுச் சக்கர சென்சார்களுக்குப் போங்கள். பல கார்களில் வேகத் தகவல் அங்கிருந்துதான் வருகிறது. பழுதைக் காட்டும் ஸ்கேனரில் பி0500 என்ற குறியீடு வந்தால் வேக சிக்னல் வரவில்லை என்று பொருளே தவிர, சென்சார் செத்தது என்று பொருளில்லை. காந்தப் புலத்தை உணரும் மூன்று வயர் ஹால் சென்சாரில் கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாக மல்டிமீட்டர் முனையைச் செருகுங்கள். சப்ளையும் எர்த்தும் சரியாக இருக்க, சக்கரத்தை மெதுவாகச் சுற்றும்போது சிக்னல் வயர் பூஜ்யத்துக்கும் 5 அல்லது 12 வோல்ட்டுக்கும் மாறி மாறித் தாவ வேண்டும். இரண்டு வயர் காந்தச் சென்சாரென்றால் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சக்கரத்தை வேகமாகச் சுற்ற வேண்டும். சென்சாரின் முனையில் ஒட்டிய இரும்புத் துகளைத் துடைத்ததுமே உயிர் வருவதும் உண்டு. வண்டியைத் தூக்கிச் சோதித்தால் ஸ்டாண்டும் கட்டையும் கட்டாயம். ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது.

போனின் ஜிபிஎஸ் 100 கி.மீ. வேகம் காட்டும்போது மீட்டர் 106 காட்டுகிறதென்று சென்சார் மாற்றுவோரும் இருக்கிறார்கள். ஐ.நா. ஒழுங்குவிதி 39-இன்படி மீட்டர் உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டக் கூடாது. கூடுதலாக, அந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கி.மீ.யும் வரை காட்டலாம். அதாவது 100-க்கு 114 வரை.

இப்படிக்கு,
வாகன மெக்கானிக் ஒருவர்