வளைப்பதற்கு முன் கேட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறை மூலையில், ஒட்டுப்பலகையை அறுத்து நானே செய்த, நின்றுகொண்டே வீடியோ விளையாட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டுப் பெட்டி ஒன்று கடந்த வாரம் முதல் குறையின்றி இயங்கி வருகிறது. பெட்டியைப் பார்க்க வருபவர்கள் திரையைப் பாராட்டுகிறார்கள். திரையோ கடையில் வாங்கியது. உண்மையில் பாராட்டப்பட வேண்டியது அவர்கள் கையை ஊன்றி நிற்கும் அந்தக் கருநீல உலோகத் தகடுதான். இரண்டு ஜாய்ஸ்டிக்கும் பதினாறு பொத்தான்களும் பொருந்திய அந்த கன்ட்ரோல் பேனல் என் ஒருவனின் வேலையன்று. அதற்கு உரியவர்களுக்கு நன்றி சொல்லவே இம்மடல். பெயரைப் போட வேண்டாம் என்று இருவர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. படிக்கும்போது யார் யார் என்பது உரியவர்களுக்கே விளங்கும்.

மரவேலை எனக்கு ஓரளவு கைவரும். தகட்டு வேலை தெரியாது. தெரியாது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. பேனலின் மேற்பரப்பு 240 மி.மீ ஆழம், முன்மடிப்பு 40 மி.மீ, பின்மடிப்பு 30 மி.மீ, இம்மூன்றையும் கூட்டினால் 310. ஆகவே 720 மி.மீ அகலமும் 310 மி.மீ நீளமும் கொண்ட 2 மி.மீ இரும்புத் தகட்டை வெட்டி இரண்டு இடத்தில் மடித்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முதல் பேனலை ஒரு பட்டறையில் கொடுத்து அப்படியே செய்து வாங்கினேன். நான் வரைந்து கொடுத்ததை அவர்கள் பிசகாமல் செய்து தந்தார்கள்; அதுதான் சிக்கலாயிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தபோது பேனலின் பின்விளிம்பு திரைச் சட்டத்தில் இடித்தது. பெட்டியைத்தான் தவறாக அறுத்துவிட்டேன் என்று எண்ணிப் பக்கப் பலகைகளை இரண்டு இரவு மாற்றி மாற்றி அளந்துகொண்டிருந்தேன். அந்தப் பேனல் இன்றும் எங்கள் சலவை இயந்திரத்தின் பின்னால் சாய்ந்து நிற்கிறது.

இரண்டாம் முயற்சிக்காகக் காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு சிறிய பட்டறைக்கு வரைபடத்தை எடுத்துச் சென்றேன். பட்டறை முதலாளியான தவுக்கே வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, வளைக்கும் இயந்திரத்தில் நின்ற புதுக்கோட்டைத் தம்பியிடம் கொடுத்தார். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த இருநூத்தி நாப்பது உள்ளளவா, வெளியளவா?" என்று கேட்டார். வெளியளவு என்றேன். "அப்ப மூணையும் கூட்டி வெட்டினா, வளைச்சப்புறம் பெருத்துப் போவும்ணே" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்பதை முகத்திலேயே கண்டுகொண்டிருக்க வேண்டும். கழிவுத் தகடுகள் கிடந்த தொட்டியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, சரியாக 100 மி.மீ நீளத்துக்கு வெட்டி, நடுவில் செங்குத்தாக வளைத்தார். பிறகு பட்டையின் இரு பக்கங்களையும் வெளிப்புறமாக வெர்னியர் காலிப்பரால் அளந்து, இரண்டு எண்களையும் இயந்திரத்தின் பக்கவாட்டில் சாக்கட்டியால் எழுதி, என்னையே கூட்டச் சொன்னார். 103.5 வந்தது. வெட்டும்போது இல்லாத மூன்றரை மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று நான் விழிக்க, மூலை என்பது கூராக மடிவதில்லை, உருண்டு வளைகிறது என்று அவர் விளக்கினார். வெளியளவு எடுக்கும்போது அந்த மூலையை இரண்டு பக்கத்திலும் முழுக் கூர்முனையாகக் கணக்கிடுகிறோம். தகடோ குறுக்கு வழியில் வளைந்து செல்கிறது. 2 மி.மீ தகட்டை, உள்வளைவின் ஆரம் 2 மி.மீ இருக்குமாறு வளைத்தால் ஒவ்வொரு வளைவுக்கும் சுமார் மூன்றரை மி.மீ கழிக்க வேண்டும்; இரண்டு வளைவுக்கு ஏழு. முன்மடிப்பும் பின்மடிப்பும் இயந்திரத்தின் அளவுத் தடுப்பில் சரியாக வைத்து வளைக்கப்படுவதால், மிகுந்த ஏழும் மேற்பரப்பில்தான் வந்து சேரும். திரைச் சட்டத்தில் இடித்தது அந்த ஏழு மில்லிமீட்டர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் அதோடு விடவில்லை. முன்மடிப்பில் ஆட்டத்தைத் தொடங்குவதற்கான 24 மி.மீ பொத்தானுக்கு ஒரு துளை வரைந்திருந்தேன். 40 மி.மீ மடிப்பின் நடுவில் அத்துளை வரும்போது அதன் விளிம்பு மூலைக்கு 8 மி.மீ தூரத்திலேயே நின்றுவிடுகிறது. வளைக்கும் இயந்திரத்தில் தகட்டின் அடியில் இருக்கும் வி வடிவ அச்சின் வாய், தகட்டுக் கனத்தின் எட்டு மடங்கு, அதாவது 16 மி.மீ அகலம் கொண்டது. வளைவுக் கோட்டுக்கு இருபுறமும் எட்டெட்டு மில்லிமீட்டருக்குத் தகட்டைத் தாங்குவதற்கு அடியில் ஒன்றுமில்லை. அந்த எல்லைக்குள் விழும் துளை வளைக்கும்போது இழுபட்டு முட்டை வடிவமாகிவிடும் என்று சொல்லி, மடிப்பை 50 ஆக்கித் துளையைக் கீழே இறக்கச் சொன்னார். இறக்கினேன். துளை வட்டமாகவே இருக்கிறது. தம்பி, அன்று நீங்கள் கேட்காமல் வளைத்திருந்தாலும் உங்கள் கூலியில் ஒரு காசும் குறைந்திருக்காது. எனக்குத்தான் இரண்டாவது தகடும் சலவை இயந்திரத்தின் பின்னால் போயிருக்கும்.

வரைபடம் என்று பெருமையாகச் சொன்னாலும், அதைக் கணினியில் லேசர் வெட்டுக்கு ஏற்ற கோப்பாக மாற்றித் தந்தவர் என் அலுவலக நண்பர். மதிய உணவு வேளைகளில் உட்கார்ந்து செய்து கொடுத்தார். பொத்தான்களின் இடத்தை முடிவு செய்ததோ பன்னிரண்டு வயதுள்ள என் அக்காள் மகள். 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்னும் சண்டை விளையாட்டு வந்து ஆறு தாக்குதல் பொத்தான்களை வழக்கமாக்கிய பிறகு, மூன்று மூன்றாக இரண்டு வரிசை என்பது கிட்டத்தட்ட எழுதப்படாத சட்டம். ஆனால் வரிசை எப்படி வளைய வேண்டும் என்பதில் ஆளுக்கொரு கருத்து. நான் அளவுகோலை வைத்து நேர்க்கோட்டில் வரைந்திருந்தேன். அவள் அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்த மாதிரியின் மேல் கையை வைத்துவிட்டு, "மாமா, என் நடுவிரல் மட்டும் மடங்குது" என்றாள். நடுவிரல் நீளம், அதற்குரிய பொத்தான் மேலே ஏற வேண்டும். அவள் கையையும் என் கையையும் அட்டையில் பென்சிலால் சுற்றி வரைந்து, இரண்டுக்கும் ஒத்துவரும்படி பொத்தான்களின் மையங்களை 36 மி.மீ இடைவெளியில் வில்லாக அமைத்தோம். அந்த அட்டை மாதிரியில் நான்கு நாள் விளையாடுவதுபோல் நடித்துப் பார்த்தோம். அவளுடைய பாட்டி அதைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

இனி, பூச்சு. சுங்கை காடுட்டில் பவுடர் கோட்டிங் செய்யும் அங்கிளிடம் முதல் முறை பேனலைக் கொண்டு சென்றபோது, அவர் அதை வாங்கவே மறுத்துவிட்டார். நான் வீட்டில் அவசரப்பட்டு, பிறகு வேண்டாம் என்று கைவிட்ட இரண்டு திருகுத் துளைகளைப் போட்டிருந்தேன். அவற்றைக் கார்களுக்குப் பூசும் பட்டியால் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டதாக நம்பியிருந்தேன். அங்கிள் கண்ணால் பார்க்கவில்லை. விரல் நகத்தால் தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். அந்த இடம் வந்ததும் ஒலி மாறியது. மலாயும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பூசிய தூள் உருகிப் பரவி இறுகுவதற்கு அடுப்பில் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தில் இந்தப் பட்டி கொப்பளித்துப் பூச்சையும் கெடுத்துவிடும்.

பிறகு லேசரால் வெட்டிய விளிம்புகளைக் காட்டினார். ஆக்சிஜன் ஊதி வெட்டியதால் அங்கே மெல்லிய கருநிற ஏடு படிந்திருந்தது. அதன் மேல் பூசினால் பூச்சு இரும்பைப் பற்றாமல் அந்த ஏட்டைப் பற்றும். ஏடு உதிர்ந்தால் பூச்சும் உதிரும். எல்லா விளிம்புகளையும் அரத்தால் ராவி வெள்ளை இரும்பு தெரியச் செய்ய வேண்டும், கூர்முனைகளைச் சற்று மழுக்கவும் வேண்டும், ஏனெனில் உருகும் பூச்சு கூர்முனையிலிருந்து விலகி மெலிந்துவிடும் என்றார். பதினாறு பொத்தான் துளைகள், இரண்டு ஜாய்ஸ்டிக் துளைகள், சுற்றுவிளிம்பு. கணக்குப் பார்த்தால் ஒரு வாரத்து மாலைப்பொழுது.

பட்டியைச் சுரண்டி எடுத்துக்கொண்டு மீண்டும் காக்கி புக்கிட் சென்றேன். புதுக்கோட்டைத் தம்பி அவ்விரு துளைகளையும் பற்றவைத்து அடைத்துச் சமமாகத் தேய்த்துக் கொடுத்தார். தவுக்கே காசு வாங்க மறுத்துவிட்டார். விளிம்புகளை நான் வீட்டின் துணி காயவைக்கும் இடத்தில் உட்கார்ந்து ராவினேன். அந்த ஒரு வாரமும் அரம் இழுக்கும் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்லியாக வேண்டும். மூன்றாம் நாள் கதவைத் தட்டினார். மன்னிப்புக் கேட்கத் தயாராகத் திறந்தேன். வாழைப்பழப் பலகாரம் ஒரு தட்டு கொடுத்துவிட்டுப் போனார்.

நம் ஊர்க் காற்றின் ஈரம் இரும்பை என்ன செய்யும் என்பதையும் அந்த வாரத்தில்தான் கண்கூடாகப் பார்த்தேன். ஒரு நாள் இரவு பளபளவென்று தேய்த்து வைத்த தகட்டை மறுநாள் காலையில் எடுத்தபோது, அதன் மேல் என் வலக்கைக் கட்டைவிரலின் ரேகை ஒவ்வொரு வரியாகச் செம்பழுப்பு நிறத்தில் பதிந்திருந்தது. வியர்வையின் உப்பும் ஈரமும் ஓரிரவில் வரைந்த துரு. அதற்குப் பிறகு கையுறை இல்லாமல் தொட்டதில்லை. தேய்த்த கையோடு எண்ணெய் தடவித் தாளில் சுற்றி வைத்தேன். எண்ணெயை அங்கிள் கழுவிக்கொள்வார்.

இரண்டாம் முறை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அதன் பிறகும் இரண்டு கேள்விகள் கேட்டார். துளைகளுக்கு எவ்வளவு விட்டிருக்கிறாய் என்பது ஒன்று. பூச்சின் கனம் ஒரு பரப்புக்கு 60 முதல் 80 மைக்ரான். துளையின் இரு பக்கமும் பூச்சு ஏறும்போது விட்டம் 0.12 முதல் 0.16 மி.மீ வரை சுருங்கும். நல்லவேளையாக என் அலுவலக நண்பர் அதை முன்பே கேட்டறிந்து, 30 மி.மீ பொத்தான்களுக்கு 30.2 என்று வரைந்திருந்தார். பளபளப்பா, சொரசொரப்பா என்பது மற்றொன்று. நான் பளபளப்பைத்தான் மனத்தில் வைத்திருந்தேன். பளபளப்பில் கைரேகை தெரியும், கீறல் தெரியும், பூச்சு சற்றுச் சமமின்றி அமைந்தால் ஆரஞ்சுத் தோல்போல மேடுபள்ளமும் தெரியும் என்று சொல்லி, நுண்ணிய சொரசொரப்புள்ள மங்கல் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வைத்தார். நெடுநேரம் விளையாடி வியர்த்த உள்ளங்கை அதில் வழுக்குவதில்லை. அங்கிள், நீங்கள் சொன்னதே சரி.

சிம் லிம் டவரில் உதிரிபாகம் விற்கும் பெரியவருக்கும் ஒரு வரி. கம்பி முனையில் மாட்டும் பித்தளைக் கொக்கிகள் நூறு வேண்டும் என்று கேட்டேன். பொத்தானைக் கொண்டுவந்து காட்டாமல் விற்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். மறுநாள் காட்டினேன். நான் கேட்டது 4.8 மி.மீ, அந்த ஜப்பானியப் பொத்தான்களுக்கு வேண்டியது 2.8.

கடைசியாக, எங்கள் புளோக்கின் ஒன்பதாம் மாடியில் வசிக்கும், மின்பணி உரிமம் பெற்ற அண்ணன். பெட்டியின் பின்புறத்தைத் திறந்து பார்த்தவர், பேனலுக்கு எர்த் எங்கே என்று கேட்டார். ஜாய்ஸ்டிக்கில் ஓடுவது வெறும் 5 வோல்ட்தானே என்றேன். அந்த 5 வோல்ட்டைத் தரும் பெட்டிக்குள் வருவது 230 வோல்ட். உள்ளே ஏதேனும் ஒரு கம்பி கழன்று தகட்டில் பட்டால் அதன் மேல் இருப்பது உன் மருமகளின் கை என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், பேனலின் அடியில் பற்றவைத்த திருகாணி ஒன்றைச் சுற்றி இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல்லுள்ள வாஷர் வைத்து, பச்சை மஞ்சள் கம்பியை அவரே முடுக்கி, மீட்டரில் சோதித்த பிறகுதான் மின்விசையைப் போட விட்டார். என்னிடம் வாங்கிக்கொண்டது ஒரு குவளைத் தேநீர்.

பேனல் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடை. எவ்வளவு ஆவேசமாக ஜாய்ஸ்டிக்கை இழுத்தாலும் அசைவதில்லை. மேற்பரப்பில் ஒரு திருகுத் தலைகூடத் தெரியாது. மேலே கிண்டல் செய்த பாட்டி, அதாவது என் அம்மா, அட்டை மாதிரியின் விளிம்பு மணிக்கட்டை அறுப்பதாக அன்றே சொல்லியிருந்தார். இப்போது வளைவான முன்விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு, நாள்தோறும் தொலைக்காட்சித் தொடர் தொடங்கும் வரை புள்ளிகளைத் தின்னும் மஞ்சள் உருண்டையை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

புதுக்கோட்டைத் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறை ஞாயிறன்று, தேக்காவுக்குப் போகும் முன் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நீங்கள் 103.5 என்று காட்டிய அந்த வளைந்த பட்டையை நான் கேட்டு வாங்கி வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். கட்டுப்பாட்டுக் கம்பிகள் தொங்காமல் இருக்க அதைத்தான் பேனலின் அடியில் தாங்கியாகப் பொருத்தியிருக்கிறேன். திறந்து காட்டுகிறேன்.

நன்றியுடன்,
ஈசூன்வாசி ஒருவன்