லண்டன் மைம் விழாவை நடத்தித் தந்த எல்லோருக்கும்

வணக்கம்.

ஜனவரி மாத லண்டன் குளிரில், பேச்சே இல்லாத நாடகம் பார்க்க ஆட்களை வரவழைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அதை 1977இல் தொடங்கி 2023 வரை செய்து காட்டினீர்கள். லண்டன் சர்வதேச மைம் விழாவின் ரசிகை என்ற முறையில் உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, விழாவைத் தொடங்கிய ஜோசப் சீலிக், நோலா ரே இருவருக்கும். ஜோசப்புடன் சேர்ந்து நெடுங்காலம் அதைக் கட்டிக் காத்த ஹெலன் லான்னகனுக்கும். வெள்ளை பூசிய முகம், இல்லாத சுவரைத் தடவும் கை, இவ்வளவுதான் மைம் என்று நினைத்திருந்தேன். நீங்களோ பொம்மலாட்டம், சர்க்கஸ், முகமூடி நாடகம் என்று எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவிட்டீர்கள். வெள்ளை முக மைமுக்குப் பெயர்போன பிரெஞ்சுக் கலைஞர் மார்சல் மார்சோவிடம் பயின்ற நோலா ரே தொடங்கிய விழா அந்த ஒரே பாணியோடு நின்றுவிடாதது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆங்கிலம் எனக்குத் தட்டுத்தடுமாறி வந்துகொண்டிருந்த காலம் அது. மற்ற அரங்குகளில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபடும். உங்கள் அரங்கில் பக்கத்து இருக்கைக்காரரோடு சேர்ந்தே சிரித்தேன். பிறகு ஒருமுறை அம்மாவையும் கூட்டிப் போனேன். பெர்லினிலிருந்து வந்த ஃபாமிலி ஃப்ளோஸ் குழுவின் நாடகம். அந்த முகமூடிகளில் கண்ணும் அசையாது, வாயும் அசையாது. நடிகர் மோவாயைச் சற்றே இறக்கினால் அந்த முகம் வருந்தும். தோளை நிமிர்த்தினால் அதே முகம் முறைக்கும். "முகமூடியை எப்போ மாத்தினாங்க?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். மாற்றவே இல்லை என்று சொன்னால் நம்பவில்லை! அந்தக் கலைஞர்களுக்கு நாங்கள் எவ்வளவு கைதட்டினாலும் போதாது.

அப்புறம், கைதட்டல் போய்ச் சேராதவர்கள். விளக்கு கொஞ்சம் பிந்தி எரிந்தாலும் வசன நாடகத்தை வசனம் காப்பாற்றிவிடும். இங்கே அந்தத் துணையும் கிடையாது. நடிகரின் விரல் நீளும் அதே கணத்தில் வெளிச்சம் விழ வேண்டும், ஒலி கேட்க வேண்டும். அதைப் பிசகாமல் செய்த விளக்கு, ஒலிக் கலைஞர்களுக்கும், கயிறும் கம்பியும் பூட்டி அந்தரத்தில் ஆடியவர்களின் உயிரைக் காத்தவர்களுக்கும், உடலெல்லாம் கறுப்பு உடுத்தித் தங்களை மறைத்துக்கொண்டு பொம்மைக்கு மூச்சு கொடுத்தவர்களுக்கும் தனியாக ஒரு வணக்கம்.

இடம் கொடுத்த பார்பிகன், சவுத்பேங்க் சென்டர், ஜாக்சன்ஸ் லேன், ஷோர்டிச் டவுன் ஹால் ஆகிய அரங்குகளுக்கும், பொதுப் பணத்தைத் தந்து உதவிய ஆர்ட்ஸ் கவுன்சிலுக்கும் நன்றி. பயிலரங்குகளில் எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளையும் பொறுமையாக நடக்கவும் விழவும் பழக்கிய ஆசிரியர்களுக்கும், தாமதமாக வந்தவர்களைச் சத்தமில்லாமல் உட்கார வைத்த பணியாளர்களுக்கும் நன்றி.

ஆண்டு விழா 2023இல் நின்றது வருத்தம்தான். ஆனால் 2024 முதல் 'மைம்லண்டன்' என்ற பெயரில் ஹெலனும் ஜோசப்பும் மறுபடி நிகழ்ச்சிகளைக் கொண்டுவந்தார்கள். அதற்கும் சேர்த்தே இந்த நன்றி.

அன்புடன்,
உங்கள் ரசிகை